சினிமா உரிமமும் கேளிக்கைப் பூங்காவும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா போட்டால் எடுபடுமா என்று கேட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். நிலப் பத்திரத்தின் நகல், ராட்டினம் செய்து தரும் கம்பெனியின் விலைப்பட்டியல் எல்லாம் கையில் இருக்கும். கடைசியாகக் கைப்பேசியை எடுத்து, சிங்கப்பூரிலோ துபாயிலோ பிள்ளைகளோடு எடுத்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி" என்பார்கள். நிலத்துக்கு வில்லங்கம் பார்த்துவிட்டு வந்தவர்கள், அந்த "இதே மாதிரி"க்கும் ஒரு வில்லங்கம் உண்டு என்பதை யோசித்திருப்பதில்லை. ஒப்பந்த ஆவணங்கள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அவர்களும் சுற்றுலா போய்வந்த குடும்பத்தினரும் சட்டம் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு படத்தின் "உரிமையை வாங்குவது" என்றால் எதை வாங்குகிறோம்?

பெரும்பாலும் எதையும் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். நிலத்தில் கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் அப்படியே பொருந்தும். உரிமையையே மாற்றிக் கொடுப்பது கிரயம் போன்றது. அதைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பது உரிமம், அதாவது குத்தகை. உலகில் எந்தப் பெரிய படக் கம்பெனியும் தன் கதாபாத்திரத்தை ஒரு பூங்காவுக்குக் கிரயம் செய்து கொடுக்காது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட வகையான பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தரும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இதில் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா முழுவதும் என்று கொள்ளும். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத நிலையில், அது காலாவதியாகிவிடும். ராட்டினம் இறக்குமதியாகி வந்து சேரவே ஓராண்டுக்கு மேல் ஆகக்கூடிய தொழிலில் இது சின்ன விஷயமல்ல.

ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரியா ராட்டினத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும்?

தீர்மானிக்கும். நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் மார்வெல் ஒப்பந்தம்.

1994இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம், யுனிவர்சல் பூங்காக்களை அப்போது வைத்திருந்த எம்.சி.ஏ. நிறுவனத்துக்குத் தன் கதாபாத்திரங்களைப் பூங்காவில் பயன்படுத்த உரிமம் கொடுத்தது. அந்தக் காலத்தில் மார்வெல் இன்று நாம் அறிந்த மார்வெல் அல்ல. 1996 டிசம்பரில் திவால் மனுவே போட்ட கம்பெனி. அந்த உரிமத்தை வைத்துத்தான் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 1999இல் திறந்த பூங்காவில் ஸ்பைடர்மேனுக்கும் ஹல்க்குக்கும் ஒரு தீவே ஒதுக்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2009இல், டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலர் கொடுத்து மார்வெலை முழுவதுமாக வாங்குவதாக அறிவித்தது. வீட்டை வாங்கியாயிற்று, உள்ளே குடியிருப்பவரோ பழைய குத்தகைப் பத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நிபந்தனைகளைக் காத்துவரும் வரை அவரை எழுப்ப முடியாது. இன்றும் அந்தத் தீவு யுனிவர்சலிடம்தான் இருக்கிறது; அதற்கான உரிமத்தொகை டிஸ்னிக்குப் போகிறது.

அந்தப் பத்திரத்தின் செக்குபந்திதான் சுவையானது. எல்லையாக அவர்கள் எழுதியது மிசிசிப்பி ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே, யுனிவர்சல் பயன்படுத்திவரும் கதாபாத்திரத்தை மட்டுமல்ல, அதே "குடும்பத்தைச்" சேர்ந்த வேறு கதாபாத்திரத்தையும் இன்னொரு பூங்கா பயன்படுத்தக் கூடாது. மேற்கே பயன்படுத்தலாம், ஆனால் "மார்வெல்" என்ற பெயரைப் போடக் கூடாது. திருமணிமுத்தாற்றுக்குக் கிழக்கே ஒரு சட்டம், மேற்கே ஒரு சட்டம் என்று சேலத்தில் யாராவது பத்திரம் எழுதினால் சிரிப்போம். அங்கே அப்படித்தான் நடக்கிறது.

அதனால் கலிஃபோர்னியாவில் 2021இல் டிஸ்னி திறந்த பகுதிக்கு "அவெஞ்சர்ஸ் கேம்பஸ்" என்று பெயர். மார்வெல் என்ற சொல் பெயரில் இல்லை. ஃபுளோரிடாவிலோ, சொந்தக்காரரான டிஸ்னியே அயர்ன் மேனை வைத்து ஒரு ராட்டினம் போட முடியாது. யுனிவர்சல் தொடாத "கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி" கூட்டத்தை வைத்து 2022இல் எப்காட் பூங்காவில் ஒரு ரோலர் கோஸ்டர் திறந்தார்கள். அதில் ஏறி இறங்கும் குழந்தைக்கு, ஏன் இந்தக் கூட்டம், ஏன் அந்தக் கூட்டம் இல்லை என்று தெரிய வாய்ப்பில்லை. விடை 1994இல் எழுதிய காகிதத்தில் இருக்கிறது.

படத்தில் வரும் ஸ்பைடர்மேனும் பூங்காவில் வரும் ஸ்பைடர்மேனும் ஒருவரே அல்லவா?

பார்ப்பவருக்கு ஒருவர், பத்திரத்தில் வேறு வேறு. படம் எடுக்கும் உரிமை 1990களின் இறுதியில் சோனிக்குப் போனது. ஆர்லாண்டோ பூங்கா உரிமை யுனிவர்சலிடம் இருக்கிறது. கதாபாத்திரத்தின் மூல உரிமை மார்வெல் வழியாக டிஸ்னியிடம் இருக்கிறது. ஆர்லாண்டோ ராட்டினத்தில் வருபவர் எந்த நடிகரின் முகத்தோடும் வருவதில்லை. காமிக்ஸ் படத்தில் வரைந்தபடியேதான் வருகிறார். ஒரே சர்வே எண்ணுக்குள் மரம் ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு, கிணற்றில் பங்கு இன்னொருவருக்கு என்று இருக்கும் தோட்டங்களை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருப்போம்.

உரிமையாளரின் ஒப்புதல் எவ்வளவு தூரத்துக்கு உள்ளே வரும்?

சமையலறை வரைக்கும் வரும். ஹாரி பாட்டர் பகுதிக்கான திட்டத்தை வார்னர் பிரதர்ஸும் யுனிவர்சலும் 2007 மே மாதத்தில் அறிவித்து, 2010 ஜூனில் ஆர்லாண்டோவில் திறந்தன. கதை எழுத்தாளருடையது, படம் வார்னருடையது, பூங்கா யுனிவர்சலுடையது. மூன்று பேரும் சம்மதித்தால்தான் ஒரு செங்கல் நகரும். படங்களின் கலை இயக்குநரான ஸ்டுவர்ட் கிரெய்க் பூங்காவின் கோட்டையை வடிவமைப்பதிலும் பங்கெடுத்தார். அந்தப் பகுதிக்குள் பெரிய குளிர்பானக் கம்பெனிகளின் பாட்டில்களைப் பார்க்க முடியாது. கதையில் வரும் பட்டர்பியரைத்தான் வாங்கிக் குடிக்க வேண்டும். உலகம் முழுவதும் கேளிக்கைப் பூங்காக்களில் குளிர்பானக் கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தை நினைத்துப் பாருங்கள். அதை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. ஆனால் விட்டுக்கொடுத்ததால்தான் கதைக்குள் போன உணர்வு வந்தது. அந்தப் பட்டர்பியரே தனி வியாபாரமாகவும் ஆனது.

இன்னும் கூர்மையான உதாரணம், 2014இல் அதே இடத்தில் சேர்த்த ரயில். ஒரு பூங்காவில் லண்டன் நிலையத்தில் ஏறி, பக்கத்துப் பூங்காவில் மந்திரவாதிகளின் கிராமத்தில் இறங்கலாம். கதைக்கு அது முற்றிலும் பொருத்தம். ஆனால் ஏறும் இடம் ஒரு பூங்கா, இறங்கும் இடம் வேறு பூங்கா என்பதால் இரண்டுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்தான் ஏற முடியும். உரிமத்துக்குக் கொடுத்த பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்ற கேள்விக்கு இதைவிட நாசூக்கான பதிலை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் உள்ள யுனிவர்சலில் ஏன் ஹாரி பாட்டர் இல்லை? பெயர் ஒன்றுதானே?

பெயர்ப்பலகை ஒன்று என்பதால் உள்ளே இருக்கும் உரிமங்களும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உரிமம் இடத்துக்கு இடம் தனித்தனியாகப் பேசப்படுகிறது. ஜப்பானுக்கு 2014இலும், ஹாலிவுட்டுக்கு 2016இலும், பெய்ஜிங்குக்கு 2021இலும் ஹாரி பாட்டர் வந்தார். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள பூங்காவை ஜென்டிங் குழுமம் நடத்துகிறது. அங்கே 2011 டிசம்பரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ராட்டினம் உலகிலேயே முதன்முதலாக வந்தது. விடுமுறைக்குப் போய்வந்து குழந்தை ஏமாந்துவிட்டது என்று குறைப்படும் பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டிக்கெட் எடுக்கும் முன் அந்தக் குறிப்பிட்ட ஊரின் பூங்காவில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வழக்கமாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. மற்றொன்று, வரவில் பங்கு. பங்கு எப்படிப் பிரியும் என்பதற்கு டோக்கியோ டிஸ்னிலேண்ட் நல்ல உதாரணம். 1983 ஏப்ரலில் திறந்த அந்தப் பூங்கா டிஸ்னிக்குச் சொந்தமானது அல்ல. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்துவது. நுழைவுக் கட்டணத்தில் 10 விழுக்காடும், சாப்பாடு மற்றும் பொம்மை விற்பனையில் 5 விழுக்காடும் டிஸ்னிக்குப் போகும் என்பது அந்த ஏற்பாடு. பணம் போட்டவர் ஜப்பானியர், நட்டம் வந்தாலும் அவருடையது. டிஸ்னிக்கு நிச்சய வரவு. பிற்காலத்தில் அந்தப் பூங்கா பெரும் வெற்றி பெற்றபோது, பங்குதாரராகச் சேராமல் போனோமே என்ற வருத்தம் டிஸ்னிக்கு ஏற்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, பங்கு மொத்த வரவில் கணக்கிடப்படுகிறது என்பது. லாபத்தில் அல்ல. நுழைவுச்சீட்டு 800 ரூபாய் என்றும் பங்கு 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், சம்பளம், மின்சாரம், காப்பீடு எதையும் கழிப்பதற்கு முன்பே 80 ரூபாய் தனியே போய்விடும். ஐப்பசி மழையில் பத்து நாள் பூங்காவை மூடி வைத்தாலும் உத்தரவாதத் தொகை மட்டும் நிற்காது. எந்த உரிமம் வாங்கிய ராட்டினத்திலிருந்து இறங்கினாலும் வெளியே போகும் வழி ஒரு கடைக்குள்ளேயே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழியை வரைந்தவர் கட்டடப் பொறியாளர் என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ அதைக் கணக்காளர்தான் வரைந்திருப்பார் என்று தோன்றுகிறது.

படத்தில் பார்த்த காட்சிகளை அப்படியே வைக்காமல் ஏன் புதிய கதை சொல்கிறார்கள்?

"அவதார்" படத்தை வைத்து டிஸ்னி ஒரு பகுதி அமைக்கப்போவதாக 2011இல் அறிவித்து, 2017 மே மாதத்தில் ஃபுளோரிடாவில் திறந்தது. அப்போது அந்தப் படத்தின் உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. டிஸ்னி ஃபாக்ஸை வாங்கி முடித்தது 2019இல்தான். முதல் படம் 2009இல் வந்தது, இரண்டாம் படம் 2022 டிசம்பரில் வந்தது. இடையே பதின்மூன்று ஆண்டு. அந்த இடைவெளியின் நடுவில் திறந்த பூங்கா, படத்தின் நாயகனையோ வில்லனையோ நம்பியிருக்கவில்லை. கதை நடந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு அந்தக் கிரகத்துக்குச் சுற்றுலா வரும் பயணிகளாக நம்மை வைத்துக்கொண்டது. அந்தரத்தில் தொங்கும் மலைகளும் இரவில் ஒளிரும் செடிகளும் போதும் என்று முடிவு செய்தார்கள்.

இதில் கலை நோக்கம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆவணம் எழுதுபவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது: நடிகரின் முகம் இல்லை என்றால் நடிகரோடு தனி ஒப்பந்தம் வேண்டாம். அடுத்த படத்தில் கதை எப்படித் திரும்பினாலும் கான்கிரீட்டை இடிக்க வேண்டாம். இடத்துக்கு வயதாவதில்லை, நடிகருக்கு வயதாகும்.

உரிமம் முடிந்துவிட்டால் ராட்டினம் என்ன ஆகும்?

இரும்பு அங்கேயே நிற்கும். கதை மட்டும் இறங்கிப் போய்விடும். அமெரிக்காவில் பாரமவுண்ட் படக் கம்பெனியின் பெயரில் இருந்த பூங்காக்களை 2006இல் சிடார் ஃபேர் என்ற நிறுவனம் வாங்கியது. பூங்கா வந்தது, படங்களின் உரிமை நிரந்தரமாக வரவில்லை. ஒஹையோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் "டூம் ரெய்டர்" படத்தின் பெயரில் இருந்த ராட்டினம் 2008இல் "த கிரிப்ட்" ஆனது. இசையையும் காட்சியமைப்பையும் பெருமளவு எடுத்துவிட்டார்கள். "டாப் கன்" என்றிருந்தது "ஃப்ளைட் டெக்" ஆனது. "இட்டாலியன் ஜாப்" என்றிருந்தது வெறும் "பேக்லாட் ஸ்டண்ட் கோஸ்டர்" ஆனது. குழந்தைகள் பகுதியில் இருந்த நிக்கலோடியன் தொலைக்காட்சிப் பாத்திரங்கள் போய், 2010இல் ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாய் வந்தது. தண்டவாளம் அதே தண்டவாளம்தான். கதையில்லாமல் ஓடியபோது சில ராட்டினங்கள் பழைய ஈர்ப்போடு நின்றன, சில நிற்கவில்லை. கிரிப்ட் 2011 வரைதான் ஓடியது.

ஆகவே உரிமம் முடிந்தபின் பெயர், நிறம், சிலை எல்லாம் நீக்க எத்தனை நாள் அவகாசம், மீதமிருக்கும் பொம்மைகளையும் பனியன்களையும் விற்றுத் தீர்க்க எத்தனை மாதம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் விவாகரத்தைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இந்தக் கல்யாணத்தில் பேசித்தான் ஆக வேண்டும்.

மலைமேல் இப்படி ஒரு பூங்கா எங்காவது நடந்திருக்கிறதா?

மலேசியாவின் ஜென்டிங் மலையில் நடந்தது. ஏற்காட்டைப் பற்றி யோசிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், ஜென்டிங் ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே உலகின் முதல் ஃபாக்ஸ் திரைப்படப் பூங்காவை அமைக்கப்போவதாக 2013இல் அறிவித்தார்கள். மலைமேல் வேலை தாமதமானது. இதற்கிடையில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கும் பேச்சு தொடங்கியது. ஒப்பந்தம் முறிந்தது. பூங்காவைக் கட்டியவர் காலக்கெடுவைத் தவறவிட்டார் என்றது ஃபாக்ஸ் தரப்பு. தங்கள் விடுதியில் சூதாட்ட அரங்கு இருப்பதால் டிஸ்னி கைகழுவப் பார்க்கிறது என்றது பூங்காவைக் கட்டிய ஜென்டிங் தரப்பு. 2018 நவம்பரில் 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு ஜென்டிங் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2019 ஜூலையில் சமரசமானது. சில ஃபாக்ஸ் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் பூங்காவின் பெயர் மாற வேண்டும் என்று முடிவானது. கடைசியில் 2022 பிப்ரவரியில் "ஜென்டிங் ஸ்கைவேர்ல்ட்ஸ்" என்ற பெயரில் திறந்தது. "ஐஸ் ஏஜ்" பாத்திரங்கள் உள்ளே இருக்கின்றன. வாசலில் ஃபாக்ஸ் இல்லை.

ஏற்காட்டின் நிலை இன்னும் கடினம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ராட்டினத்தின் நீண்ட இரும்புத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊர் என்பதால் கட்டட அனுமதி சமவெளியைப் போல விரைவில் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. உரிமக் கடிகாரமோ கையெழுத்திட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். எனவே, முதல் நுழைவுச்சீட்டு விற்கும் நாளிலிருந்து காலம் கணக்கிடப்பட வேண்டும், அரசு அனுமதியால் ஆகும் தாமதம் காலக்கெடுவில் சேராது, படக் கம்பெனி கை மாறினாலும் ஒப்பந்தம் புதியவரைக் கட்டுப்படுத்தும் என்ற மூன்று வரிகளையும் கேட்டு வாங்காமல் மலைமேல் திட்டம் போடாதீர்கள்.

இந்தியப் படங்களை வைத்து யாரும் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். மும்பைக்கும் புனேவுக்கும் இடையே கோப்போலியில் 2013இல் திறந்த இமேஜிகா பூங்காவில், 1987இல் வந்த "மிஸ்டர் இந்தியா" படத்தை வைத்து ஒரு ராட்டினம் அமைத்தார்கள். துபாயில் 2016 நவம்பரில் பாலிவுட் படங்களுக்கென்றே ஒரு தனிப் பூங்கா திறந்து, 2023இல் நிரந்தரமாக மூடப்பட்டது. உரிமம் மட்டும் கூட்டத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு அதையும் நினைவில் வைக்கலாம்.

சேலத்துக்கென்றே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததே. அந்தப் படங்களை வைத்து இங்கே ஒரு பூங்கா அமைக்க முடியாதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதல் மலையாளப் பேசும் படமான "பாலன்" 1938இல் அங்கிருந்துதான் வந்தது; தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956இல் அங்கிருந்து வந்தது. ஏற்காடு போகும் சாலையில் இன்று எஞ்சியிருப்பது அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு. அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு சுற்றுலாப் பேருந்திலும் யாராவது ஒருவர் விரலை நீட்டிக் காட்டுகிறார். உரிமையாளரைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை என்ற வசதி இங்கே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு அடுக்காகப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு, படம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1965இல் வெளியான படத்துக்கு அது 2025 டிசம்பர் 31உடன் முடிகிறது. அந்தச் சட்டம் 1958 ஜனவரி 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய படங்களுக்குப் பழைய சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாம் அடுக்கு, படத்துக்குள் இருக்கும் கதை, வசனம், பாடல். இவற்றுக்குக் கணக்கு வேறு: எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981இல் என்பதால், அவர் எழுதிய வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. அந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்பது அந்தக் காலத்து ஒப்பந்தத்தைப் பொறுத்தது. படத்தின் காலம் முடிந்தாலும் பாட்டின் காலம் முடிந்திருக்காது.

மூன்றாம் அடுக்கு, முகம். நடிகரின் பெயரையும் உருவத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் தனியாகப் பார்க்கின்றன. தன் பெயரோடு ஒரு இந்திப் படம் வருவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. பழைய நடிகர்களுக்கு வாரிசுகள் இருப்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பே, ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அலிபாபாவையே எடுத்துக்கொள்வோம். கதை அரபு நாட்டுப் பழங்கதை. அதற்கு இன்று உரிமையாளர் யாரும் இல்லை. சேர்வராயன் மலையில் ஒரு செயற்கைக் குகை கட்டி, சொல் சொன்னால் பாறை விலகுவதைப் போலச் செய்து, உள்ளே நாற்பது பானைகளை வைத்து, குழந்தைகளை வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாறை திறக்க அந்தப் படத்தின் வசனத்தை ஒலிக்க விட்டால், அதே பாடலைப் போட்டால், எம்.ஜி.ஆர். முகத்தைச் சுவரில் வரைந்தால், மேலே சொன்ன அடுக்குகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். வாசலில் ஸ்டுடியோவின் பெயரையோ வளைவின் தோற்றத்தையோ வைக்க விரும்பினால், அதையும் உரியவர்களிடம் எழுத்தில் கேட்டுத்தான் வைக்க வேண்டும். என் யோசனை, குகையைப் பழங்கதையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் முறையாக உரிமம் வாங்குவது.

பொருட்காட்சியில் எல்லாக் கார்ட்டூன் பொம்மையும் நிற்கிறதே. அங்கே யார் கேட்கிறார்கள்?

ஆடித் திருவிழாப் பொருட்காட்சியில், மரணக் கிணற்றுக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே, வாய் கோணிய எலி ஒன்று குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருப்பது உண்மைதான். யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. மீறலுக்குச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பூங்காவின் உரிமையாளர் வக்கீல் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் எட்டடி உயர ஃபைபர் எலி. "காதை மட்டும் அறுத்துட்டா போதுங்களா?" என்று கேட்டார். நான் பதில் எழுதுவதற்குள் அவரே சிற்பியை வரவழைத்து, காதை அகலமாக்கி, ஒரு தும்பிக்கையை ஒட்டவைத்து, யானை ஆக்கிவிட்டார். போய்ப் பார்த்தேன். சிவப்புக் கால்சட்டையும், அதில் இரண்டு வெள்ளைப் பொத்தான்களும், பெரிய மஞ்சள் சப்பாத்தும் அப்படியே இருந்தன. தும்பிக்கை வைத்த எலியாகவே அது நின்றது. கால்சட்டையை வேட்டியாக மாற்றி, சப்பாத்தை உடைத்து, யானைக்கு உரிய நகங்களை வரைந்த பிறகுதான் என்னால் பதில் எழுத முடிந்தது.

அந்த எலியின், அதாவது டிஸ்னியின் மிக்கி மவுஸின், 1928ஆம் ஆண்டுப் படம் 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை ஆகிவிட்டதே என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். பொதுவானது அந்தப் பழைய கறுப்பு வெள்ளை உருவம். பிற்காலத்து உருவங்கள் அல்ல. வணிகச் சின்ன உரிமையும் தனியே தொடர்கிறது. இந்தியாவில் நம் சட்டப்படி தனியாகக் கணக்கிட வேண்டும்.

உரிமமே வாங்காமல் கதையுள்ள பூங்கா அமைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, முன்னோடியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவை நிறுவிய நவோதயா அப்பச்சன், 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்தவர். கையில் சொந்தப் படம் வைத்திருந்த தயாரிப்பாளரே தன் பூங்காவுக்கு இராமாயணத்து வானரர் நாட்டின் பெயரை வைத்தார். வால்மீகிக்கும் கம்பருக்கும் யாரும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை.

கல்கியின் நாவல்களும் அப்படித்தான். அவர் 1954இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வந்தியத்தேவனின் குதிரையை நீங்கள் ராட்டினக் குதிரை ஆக்கலாம். ஆனால் 2022இல் வந்த படத்தில் பார்த்த அதே உடை, அதே கப்பல், அதே இசை என்று போனால் அது படத்தின் சொத்து. நாவலைப் படித்த ஓவியரிடம் வேலையைக் கொடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் கொடுத்தால் கை தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

ராட்டினம் சுற்றும்போது சினிமாப் பாட்டு மட்டும் போடலாமா?

அதற்கும் உரிமம் வேண்டும். ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளரிடமும், வரிக்கும் மெட்டுக்கும் அவற்றின் உரிமையாளர்கள் சார்பில் வசூலிக்கும் சங்கத்திடமும் தனித்தனியாகப் பெற வேண்டும். கட்டணம் பூங்காவின் அளவைப் பொறுத்தது. சிறு பூங்காக்களுக்குத் தாங்கக்கூடிய செலவுதான். விண்ணப்பத்தில் ஒலிபெருக்கி எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைக் குறைத்துக் காட்டாதீர்கள். சோதிக்க வருபவர் முதலில் எண்ணுவது அதைத்தான்.